ஐயனின் ஐந்து கட்டை

அர்த்தநாரி வீட்டு ஆண்களுக்கு மூன்று தலைமுறையாகத் தொண்டை என்று ஒன்று உருப்படியாக இருந்ததில்லை. மீசை அரும்பும்போது உடையும், கல்யாணத்துக்குள் கிழியும், அதற்குப் பிறகு தேங்காய் மட்டை உரிக்கிற மாதிரி ஒரு சத்தம் மட்டும் மிஞ்சும். அந்தச் சத்தத்தை வைத்துக்கொண்டுதான் தோட்டத்து ஆட்களை ஏவுவார்கள், பெண் பார்க்கப் போவார்கள், பஞ்சாயத்தில் சண்டை போடுவார்கள். இதில் வெட்கம் ஒன்றுமில்லை, பெருமையே அதில்தான். வேலந்தாவளம் மாட்டுச் சந்தையில் கரகரத்த குரலில் ஒருவர் விலை கேட்டால், "ஐயன் ஊட்டுக்காரருங்களா?" என்று ஒதுங்கி வழிவிடுவார்கள்.

ஐயன் என்றால் வெள்ளியங்கிரி ஐயன், அர்த்தநாரியின் அப்பாவைப் பெற்றவர். நாற்பது ஐம்பது கீர்த்தனை கட்டியவர். ஏழெட்டு இன்றைக்கும் கச்சேரி மேடைகளில் புழங்குகின்றன. சென்னப்பட்டணத்துக்கு ரயிலேறிப் போய், புனல் வைத்த யந்திரத்துக்கு முன்னால் நின்று ஒரே ஒரு இசைத்தட்டுக்குப் பாடிக் கொடுத்துவிட்டு வந்தார். அடுத்த வருஷமே காலரா கொண்டுபோய்விட்டது. மகன் அப்போது தொட்டிலில். ஆகவே அந்த வீட்டில் ஐயனின் குரல் என்றால் அந்தத் தட்டில் கேட்கிற குரல்தான். நேரில் கேட்ட காது ஒன்றும் மிச்சமில்லை.

தட்டில் அவர் ஐந்து கட்டையில் பாடுகிறார். ஆம்பிளைக்கு ஐந்து கட்டைச் சுருதி என்பது லேசுப்பட்ட காரியமா? பெண்பிள்ளைகள் பாடுகிற உயரம் அது. மைக் இல்லாத காலத்து நாடகக்காரர்கள் அப்படிப் பாடியிருக்கிறார்கள் என்பார்கள். போதாதா? ஐயன் பாடினார், வம்சமும் பாட வேண்டும். ஒவ்வொரு தை மாதமும் குருபூஜையன்று முதலில் அந்தத் தட்டை ஓடவிடுவார்கள். பாட்டின் கடைசி வரி வந்ததும் வெண்கல மணியை அடித்துக் கற்பூரம் காட்டுவார்கள். மணி அடங்கியதும் வாரிசு ஒருவன் அதே சுருதியில் 'கணவாய்க் காற்றே, கந்தனைக் கண்டாயோ' என்று கத்த வேண்டும். பாட வேண்டும் என்று சொல்லத்தான் ஆசை; மனசு வரமாட்டேனென்கிறது.

இந்த வருஷம் அந்த வாரிசு டின்டு. வயது பதின்மூன்று.

அவன் அப்பா, அர்த்தநாரியின் மகன் சிவப்பிரகாஷ், விடிந்ததிலிருந்து ஓரிடத்தில் உட்காரவில்லை. பந்தல்கால் சரியாக நிற்கிறதா என்று பார்க்கப் போவான், பார்க்காமலே திரும்பி வருவான். போனை எடுப்பான், வைப்பான். தைக்காற்று மேற்கே கணவாயைப் பார்த்து விரட்டிக்கொண்டு போனது; பந்தல் தகரம் ஒவ்வொரு வீச்சுக்கும் படபடவென்று அடித்துக்கொண்டது. மாட்டுக்கொட்டகைக்குப் பின்னாலிருந்து டின்டு பாடிப் பார்க்கும் சத்தம் வந்தது. 'கணவாய்க்' வரைக்கும் குழந்தைக் குரல். 'காற்றே'யில் ஏறும்போது அது நடுவில் பிளந்து வேறெங்கோ விழுந்தது. ஒரு இருமல். மறுபடியும் முதலிலிருந்து.

சிவப்பிரகாஷுக்கும் இதே வயதில், இதே 'காற்றே'யில்தான் உடைந்தது. உடைந்த குரலைச் சும்மா விட்டிருந்தால் கீழே இறங்கித் தானாக உட்கார்ந்திருக்கும். விடவில்லையே! ஏணி வைத்து ஏற்றி, இருபது வருஷம் அங்கேயே நிற்கவைத்தார்கள். போன ஐப்பசியில் கோயமுத்தூர் டாக்டர் குழாயை விட்டுப் பார்த்துவிட்டு, குரல் நாண் இரண்டிலும் காய்ப்பு விழுந்திருக்கிறது, இனிமேல் உயரத்தில் பாடினால் பேச்சும் போய்விடும் என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னான். அர்த்தநாரி தலையைத் தடவிக்கொண்டே, "செரி உடு. டின்டு பாடட்டும்" என்றார். அவ்வளவுதான். பூசணிக்காய் இல்லையென்றால் சுரைக்காய் என்கிற மாதிரி.

இன்றைக்காவது நேருக்கு நேர் கேட்டுவிடுவது என்று பந்தலுக்குள் போனான். அர்த்தநாரி வெள்ளை வேட்டியில், துண்டால் நாற்காலிகளைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா, பையனுக்குத் தொண்டை ஒடையற வயசுங்க. இந்த ஒரு வருசம் உட்டுறலாமுங்க."

"எனக்கு ஒடையலையாடா?" என்றார் அர்த்தநாரி. அந்தக் கரகரப்பே பதிலாக இருந்தது. "எங்கப்பன், உங்கொப்பாரு, அவருக்கு ஒடையலையா? ஒடஞ்ச தொண்டையிலதான் ஐயன் வந்து ஒக்காருவாரு. ஒனக்கு ஒக்காந்தாரில்ல?"

"எனக்குக் காய்ப்புத்தானுங்க ஒக்காந்துச்சு."

"வாயி! வாய்க்கு மட்டும் கொறச்சல் இல்ல." அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "கச்சேரிக்காரனுக ரெண்டு கட்டையில பாடறானுக. பாட்டா அது? கொட்டாவி. ஐயன் ஊட்டுல அஞ்சு கட்டைதான். அதைய நிறுத்தறதுக்கு நான் யாரு, நீ யாரு? போ, எலை வந்துருச்சான்னு பாரு."

போய்விட்டான். இலை வந்துவிட்டதா என்று பார்க்கவும் செய்தான். முப்பத்தாறு வயதில், இரண்டு கிணறும் தோப்புமாக இருக்கிற மனுஷன், அப்பா போ என்றால் போகிறான். அந்த ஆத்திரம் முழுக்க அவனுக்குத் தன்மேல்தான் இருந்தது.

அவன் நம்பியிருந்தது ஜெகனை. ஜெகன் வண்டன்மேட்டில் ஏலக்காய் ஏல மையத்தில் வேலை பார்ப்பவன், பழைய இசைத்தட்டுப் பைத்தியம். அதே பைத்தியங்களின் வாட்சப் குழு ஒன்றில் சிவப்பிரகாஷ் அவனைப் பிடித்திருந்தான். ஐயனின் தட்டை நல்ல யந்திரத்தில் ஓட்டிப் பதிவு பண்ண வேண்டும் என்று சொல்லித்தான் கூப்பிட்டது. உள்ளே கிடந்த சந்தேகத்தை இன்னும் வாய்விட்டுச் சொல்லவில்லை. வீட்டு கிராமபோனில் வேகத்துக்கு ஒரு திருகு உண்டு. வருஷா வருஷம் ஆயுதபூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைத்து வைத்து அது ஒரு கல்லாகவே ஆகிப்போயிருந்தது. பெரியவர்கள் வைத்தது வைத்தபடி இருக்கட்டும் என்று யாரும் தொட்டதில்லை. தொட்டால் என்ன ஆகும்? இந்தக் கேள்வி ஐப்பசியிலிருந்து சிவப்பிரகாஷைத் தூங்கவிடவில்லை.

ஒன்பது மணி வாக்கில் ஜெகன் வந்து இறங்கினான். தோளில் ஒரு பை, கையில் கம்பளி சுற்றிய பெட்டி, பொள்ளாச்சி பஸ்ஸில் நசுங்கிய சட்டை.

"மன்னிச்சுக்கிடுங்கண்ணே, குமுளியில ஒரே பிளாக்கு. தட்டு எங்க இருக்கு? முதல்ல அதக் காட்டுங்க, காப்பியெல்லாம் பொறவு."

தட்டை வெளி யந்திரத்தில் ஏற்ற அர்த்தநாரி லேசில் சம்மதிப்பாரா? ஐயனை அந்நியன் கையில் கொடுப்பதா என்று குதித்தார். மருமகள் மௌனிகாதான் அவரை மடக்கினாள். அவளுக்கும் கொட்டகைப் பக்கத்துச் சத்தம் கேட்டுக்கொண்டுதானே இருந்தது!

"மாமா, போன வருசம் கடைசி வரிசைல இருந்தவீங்க, ஐயன் பாடறாருன்னே தெரியாம தேங்கா வெலை பேசிட்டிருந்தாங்க. இவரு மெசினுன்னா மைக்செட்டுல கனெக்சன் குடுத்துறலாமுங்க. சந்தை வரைக்கும் கேக்கும்."

"சந்தை வரைக்குமா?"

"கேட்டே தீருமுங்க மாமா."

அர்த்தநாரி மோவாயைச் சொறிந்தார். "எதுக்கும் உள்ள ஒருக்கா ஓட்டிப் பாக்கட்டும்" என்றார்.

கூடத்தில் பாயை விரித்து ஜெகன் பெட்டியைத் திறந்தான். தட்டைப் பஞ்சால் ஒற்றினான், பெரிய ஊசி ஒன்றைத் தேடி மாட்டினான். அர்த்தநாரியும் டின்டுவும் எதிரில் உட்கார்ந்தார்கள். சிவப்பிரகாஷ் நின்றான், உட்கார முடிந்தால்தானே?

முதலில் கரகரப்பு, பிறகு ஆர்மோனியம், பிறகு ஐயன். ஆனால் வழக்கமான இடத்தில் இல்லை. ஒரு படி கீழே நின்றது குரல்.

"ஏன் அழுதுட்டு ஓடுது?" என்று அதட்டினார் அர்த்தநாரி. "ஏத்து."

ஜெகன் யந்திரத்தின் பக்கவாட்டுத் திருகை மெல்லத் திருப்பினான். குரல் ஏறியது.

"இன்னும்."

"ஐயா, இது ரொம்ப வேகம். இவ்வளவுல எந்தத் தட்டையும் நான் ஓட்டுனதில்ல."

"நீ ஓட்டுனியோ இல்லையோ, நாங்க அறுவது வருசமாக் கேக்கறோம். ஏத்து."

ஐந்து கட்டையைத் தொட்டதும் அர்த்தநாரி கண்ணை மூடிக்கொண்டார். சிவப்பிரகாஷ் ஜெகனின் காதருகில் குனிந்து, எதுதான் சரியான வேகம் என்று கேட்டான். ஜெகன் உதட்டைப் பிதுக்கினான். "எனக்கு எப்படிண்ணே தெரியும்? அந்தக் காலத்துல ஆளாளுக்கு ஒரு வேகத்துல பதிஞ்சிருக்கான். தட்டுல எழுதியும் வைக்கல. பாடுன மனுசன் வந்து சொன்னாத்தான் உண்டு."

பாட்டு கடைசி வரிக்கு வந்தது. அர்த்தநாரியின் கை பழக்கத்தில் மணிக்காகத் தரையைத் துழாவியது. மணி பந்தலில் இருந்தது. ஆகவே அந்த வீட்டில் முதல்முறையாக, கடைசி வரிக்குப் பிறகும் தட்டு ஓடுவதை எல்லாரும் கேட்டார்கள். பாட்டு முடிந்தது, ஆர்மோனியம் நின்றது, அப்புறம் யாரோ பேசினார்கள். பேச்சா அது? அணில் கத்துவதுபோலக் கீச்சுக்கீச்சென்று விறுவிறுவென நாலைந்து வாக்கியம். ஒன்றும் புரியவில்லை.

டின்டு குபீரென்று சிரித்துவிட்டான். "அப்பாரு, ஐயன் கார்ட்டூன்ல பேசறாரு!"

அர்த்தநாரி எழுந்து ஊசியைத் தூக்கிய வேகத்தில் தட்டே ஆடியது. "எந்திரிச்சுப் போடா! எல்லாத்துக்கும் இளிப்பு." ஜெகன் பக்கம் திரும்பினார். "பாட்டு முடிஞ்சதும் மணி அடிப்போம். அதுக்கப்பறம் கேக்கறதுக்கு ஒண்ணுமில்ல. இதே வேகம், ஒரு மயிரெழ கூடாது, கொறையக் கூடாது. பந்தலுக்குக் கொண்டா." கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நின்றார், பிறகு வெளியே போனார்.

சிவப்பிரகாஷுக்கு ஒன்று நினைவு வந்தது. அந்தக் காலத்தில் பாடி முடித்துப் பேரைச் சொல்லுகிற வழக்கம் உண்டு என்று குழுவில் யாரோ எழுதியிருந்தார்கள். அப்படியானால் பேசியது ஐயனேதான். பாடும்போது யாரும் எந்த உயரத்துக்கும் போய் நிற்கலாம், நடித்துக்கொள்ளலாம். பேசும்போது முடியுமா? குடும்பஸ்தன், மீசைக்காரன், மாடு வாங்கி விற்றவன் அணில் மாதிரியா பேசியிருப்பான்? பேச்சு பொய் என்றால் பாட்டும் பொய். பாட்டு பொய் என்றால் தன் தொண்டை, அப்பாவின் தொண்டை, அப்பாருவின் தொண்டை!

"ஜெகா, பந்தல்ல ஓட்டறப்ப வேகத்தைக் கொறச்சுக் குடு."

"அய்யோ, என்னை விட்டுருங்கண்ணே." ஜெகன் கையெடுத்துக் கும்பிட்டான். "இது உங்க குடும்பச் சமாச்சாரம். பெரியவர் என்னைப் பந்தல்காலோட சேத்துக் கட்டிருவாரு. திருகு இந்தா இருக்கு. தொடணும்னா நீங்களே தொட்டுக்கிடுங்க."

பதினோரு மணிக்குப் பந்தல் நிறைந்துவிட்டது. சித்தூரிலிருந்தும் கொழிஞ்சாம்பாறையிலிருந்தும் பாட்டு ரசிகர்கள், சொந்தபந்தங்கள், சாப்பாட்டுக்கென்றே வருகிறவர்கள், பஞ்சாயத்து மெம்பர். மேடையில் ஐயனின் படத்துக்குக் கீழே டின்டு பட்டு வேட்டி கட்டி உட்கார்ந்திருந்தான். எச்சிலை விழுங்கி விழுங்கித் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். அவனுக்குப் பக்கத்தில் மௌனிகா கற்பூரத் தட்டுடன். மேடையின் மறுகோடியில் அர்த்தநாரி, கையில் வெண்கல மணி. கீழே யந்திரத்தருகில் ஜெகனும் சிவப்பிரகாஷும்.

தட்டு ஓடியது. ஐயன் ஐந்து கட்டையில் ஒலிபெருக்கிகளில் கிளம்பினார். காற்று அதை வாங்கிக்கொண்டு சந்தைப் பக்கம் ஓடியது. கூட்டம் தலையாட்டியது. பல்லவி முடிந்தது, அனுபல்லவி முடிந்தது. சிவப்பிரகாஷின் விரல் திருகில் இருந்தது, திரும்பவில்லை. அப்பா பார்க்கிறாரா? பார்க்கிறார். பெற்ற அப்பனைச் சபை நடுவில் பொய்யனாக்குவதா? ஒருவேளை குறைத்தாலும் அது மனுஷக் குரலாக ஆகவில்லையென்றால்? ஐயன் நிஜமாகவே கீச்சுக்குரல்காரராக இருந்துவிட்டால்? மேடையில் டின்டு இருமினான். வாயைப் பொத்திக்கொண்டு, சத்தம் வெளியே வராமல், தோள் குலுங்க.

சிவப்பிரகாஷ் திருகைத் திருப்பினான்.

ஐயன் பாடிக்கொண்டே படியிறங்கினார். கூட்டத்தில் ஒரு சலசலப்பு. "வோல்டேஜ் போச்சுங்க!" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கத்தினார். "ஜெனரேட்டரைப் போடுங்கப்பா!" என்றார் மெம்பர். யாரோ நிஜமாகவே ஜெனரேட்டரைத் தேடி ஓடினார்கள். சிவப்பிரகாஷ் நிறுத்தவில்லை. நாலு கட்டை, மூன்று கட்டை. சரணம் ஆற அமர நடக்க ஆரம்பித்தது. மூச்சு தெரிந்தது. அவசரமாக நறுக்கென்று விழுந்துகொண்டிருந்த பிருகாக்கள் இப்போது நிதானமாக, ஒவ்வொன்றாக உருண்டன. இரண்டு கட்டையில் விரல் தானாக நின்றது. கனத்த, சோம்பேறித்தனமான, அழகான ஒரு ஆம்பிளைக் குரல் கணவாய்க் காற்றிடம் கந்தனைக் கண்டாயா என்று விசாரித்துக்கொண்டிருந்தது, தோப்புக்குள் எதிர்ப்பட்டவனிடம் மாட்டைப் பார்த்தாயா என்று கேட்பதைப்போல.

அர்த்தநாரி மேடையிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார். முகம் கறுத்திருந்தது. "டேய்..." என்றார். கடைசி வரி முடிந்தது. மணியைப் பிடித்த கை உயர்ந்தது.

தட்டில் ஐயன் இருமினார். பெரிய இருமல், வெற்றிலை போட்ட ஆளின் இருமல். அர்த்தநாரி தினமும் விடியற்காலையில் இருமுவாரே, அதே இருமல். அவர் கை அப்படியே நின்றது.

"பாடுனது வெள்ளியங்கிரிங்க," என்றது குரல். "ஊரு வேலந்தாவளத்துக்குக் கெழக்க. உசத்திப் பாட எனக்கு வராதுங்க. வந்த வரைக்கும் பாடியிருக்கறேன். கேக்கறவங்க பொறுத்துக்கோணும்."

பிறகு வெறும் கரகரப்பு. ஜெகன் ஊசியைத் தூக்கினான். ஜெனரேட்டர் தேடிப் போனவன் திரும்பி வந்து, என்ன ஆயிற்று என்று புரியாமல் நின்றான்.

சிவப்பிரகாஷ் அடிக்குத் தயாராக நின்றான். சபையில் வைத்து அறைந்தாலும் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்திருந்தான். அர்த்தநாரி அவனைப் பார்க்கவேயில்லை. மணியைக் கீழே வைத்துவிட்டு மேடைக்குத் திரும்பினார். படியில் கால் தட்டியது. மௌனிகா ஓடிவந்து பிடித்தாள். டின்டுவின் முன்னால் போய் நின்றார்.

"எந்திரி சாமி," என்றார். "நீ பாட வேண்டாம். தொண்டை தானா எறங்கற வரைக்கும் பாடாத."

டின்டு எழுந்து அம்மாவின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டான். அவன் இடத்தில் அர்த்தநாரி உட்கார்ந்தார். சுருதிப் பெட்டியை யாரையும் தொடவிடாமல் அவரே இரண்டு கட்டைக்கு இறக்கினார். இருபது வருஷத்துக்கு மேலாகப் பாடாத மனுஷன். கூட்டம் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்தது. சிவப்பிரகாஷுக்கு வேண்டாமப்பா என்று கத்தத் தோன்றியது.

'கணவாய்க் காற்றே' என்று ஆரம்பித்தார். குரல் அழகாக ஒன்றும் இல்லை. கிழிசல் கிழிசலாகத்தான் வந்தது. இரண்டு இடத்தில் காற்று மட்டும் வந்தது. ஆனால் 'காற்றே'யில் அது பிளக்கவில்லை. அதற்கு ஏறவேண்டிய அவசியமே இருக்கவில்லை. இரண்டாம் முறை கொஞ்சம் தைரியமாகப் பாடினார். மூன்றாம் முறை, 'கந்தனைக் கண்டாயோ'வில் வரியைக் கொஞ்சம் வளைத்து ஒரு சின்னச் சங்கதி போட்டார். போட்டுவிட்டு அவரே திடுக்கிட்டதுபோல நிறுத்திக்கொண்டார்.

கழுத்தில் கையை வைத்துத் தடவிப் பார்த்தார். கண் இரண்டும் நிரம்பி வழிந்தது, துடைக்கவில்லை. கூட்டத்தில் மகனைத் தேடினார். மைக் எதிரில் இருப்பது மறந்துபோயிருக்க வேண்டும். அவர் கேட்டது சந்தை வரைக்கும் கேட்டது.

"வலிக்காமப் பாடுனா இப்படித்தான் இருக்குமா, பிரகாசு?"

சிவப்பிரகாஷ் ஒருநாளும் வலிக்காமல் பாடியதில்லை. அவனுக்கும் தெரியாது.